பழைய பைண்டிங் புத்தகங்களை ஹாலில் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்து ஒரே புத்தகமாக்கி வைப்பது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பல தமிழ் வீடுகளில் இருந்த பழக்கம். பரணில் கிடந்த அந்தத் தொகுப்புகளைத் தூசி தட்டி, ஹாலில் கண்ணாடி அலமாரியில் வைக்கும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய ஆசை. ஆனால் பரணில் இத்தனை வருஷம் இருட்டு காப்பாற்றிய தாளை நாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். பெரிய சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பத்திரிகைகள் பெரும்பாலும் மரக்கூழில் செய்த மலிவான தாளில் அச்சானவை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் ஒளியும் காற்றும் பட்டால் பழுப்பேறும். தாளிலேயே இருக்கும் அமிலம் இழைகளை உள்ளிருந்து அரிக்கும். கந்தல் துணியில் செய்த தாளில் அச்சான நூல் இதைவிட நூறு வருஷம் மூத்ததாக இருந்தாலும் இன்னும் வளைந்து கொடுக்கும். 1955-ஆம் வருஷத்துப் பத்திரிகைத் தாளோ மூலையைத் தொட்டாலே உதிரலாம். ஆகவே வயதைப் பார்த்துப் பராமரிப்பை முடிவு செய்வது தவறு. தாள் எப்படி இருக்கிறதென்று மூலையை மடித்துப் பார்ப்பதும் வேண்டாம். மடித்த இடம் அப்படியே கையோடு வந்துவிடும்.

அலமாரியை ஜன்னலுக்கு எதிரே வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இப்படிப்பட்ட தாளைக் காட்சிக்கு வைக்கும்போது அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் ஒளியை அடக்குகின்றன. பகலில் ஜன்னலோரம் இருக்கும் வெளிச்சம் அதைப்போல் பல மடங்கு. அலமாரிக் கண்ணாடி காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுப்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளுக்கச் செய்யும். ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகுமே தவிர, திரும்ப இருட்டில் வைத்தாலும் ஆறாது. உங்கள் அலமாரியில் சில வருஷம் நின்ற புத்தகம் ஒன்றை வெளியே எடுத்து, முதுகின் நிறத்தையும் அட்டையின் நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதுகு மட்டும் வெளுத்திருந்தால் அந்த இடம் சரியில்லை. அலமாரிக்குள் எல்இடி விளக்கு போட்டிருந்தால் பார்க்கும்போது மட்டும் எரியட்டும்.

அழகான வண்ணப் படம் இருக்கிறதே, அந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். நம் ஊர் பைண்டர்கள் பெரும்பாலும் பக்கங்களின் ஓரத்தில் துளையிட்டுக் குறுக்கே தைப்பார்கள். அப்படித் தைத்த புத்தகம் முழுதாக விரியாது. அழுத்தி விரித்தால் தையல் ஓரமாகத் தாள் ஒடியும். அந்தப் படத்தை நல்ல முறையில் போட்டோ எடுத்து அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டுங்கள், மூலம் பக்கத்தில் மூடியபடி இருக்கட்டும். வீட்டில் காட்சிக்கு வைக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கத் தோதாகிவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் அது சாதாரணம், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். குளியலறையை ஒட்டிய சுவரிலும், மழைச்சாரல் படும் வெளிச்சுவரிலும் அலமாரியைச் சாய்க்காதீர்கள். சுவருக்கும் அலமாரிக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் அடித்தட்டில் பழைய புத்தகம் வைக்கவே கூடாது; 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஈரம்பட்ட புத்தகத்தை வெயிலில் காயவைத்தால் அட்டை வளைந்து தாள் முறுகும். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள்.

சரஸ்வதி பூஜையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வீட்டின் மிகப் பழைய புத்தகத்தைத்தான் பூஜையில் வைப்போம், அது சரியும்கூட. ஆனால் ஈரச் சந்தனத்தைக் காலிகோ அட்டையில், அதாவது பைண்டிங் துணி ஒட்டிய அட்டையில், நேராக வைத்தால் அதன் எண்ணெயும் ஈரமும் துணிக்குள் இறங்கும். மேலே வைக்கும் குங்குமம் அந்த ஈரத்தில் கரைந்து கறையாகும், துடைத்தால் இன்னும் பரவும். புத்தகத்தைச் சுத்தமான பருத்தித் துணியால் சுற்றி, மேலே ஒரு கெட்டி அட்டை வைத்து அதில் பொட்டு வையுங்கள். பூவும் அந்த அட்டையின் மேலேயே இருக்கட்டும். மரியாதையில் ஒரு குறையும் வராது.

பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையைத் தட்டுக்குத் தட்டு போடுவோர் உண்டு. அந்த உருண்டையிலிருந்து வரும் நாப்தலீன் ஆவி ஆட்களுக்கே நல்லதில்லை, குழந்தைகள் உள்ள வீட்டில் கூடவே கூடாது. பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும், பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறையும் படியும். ராமபாணப் பூச்சி பைண்டிங் பசையில் உள்ள மாவுக்காக வருவது. இருட்டும் ஈரமும் தூசியும் இருந்தால் தங்கிவிடும். மாதம் ஒருமுறை புத்தகத்தை எடுத்துத் தட்டைத் துடைப்பதுதான் நம்பகமான தடுப்பு. பூச்சி பிடித்துவிட்டதென்றால், புத்தகத்தைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் மூடி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் ஈரம் தாளில் படியும்.

கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுப்பாகித் தாளுக்குள் ஊறிவிடும். லேமினேஷனும் வேண்டாம், செய்தால் திரும்ப எடுக்க வழியில்லை. மறுபடி பைண்டிங் கொடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஓரத்தை மெஷினில் வெட்டக்கூடாது, பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கக்கூடாது. ஓரம் ஏற்கெனவே ஒருமுறை வெட்டப்பட்டது. இன்னொரு வெட்டில் எழுத்தே போகலாம். பூச்சி வராமலிருக்கப் போடும் துத்தத்தில் உள்ள செம்பு தாளின் அழிவை வேகப்படுத்தும். அட்டை கழன்றிருந்தால் வெள்ளைப் பருத்தி நாடாவால் கட்டி வைத்தாலே இப்போதைக்குப் போதும்.

அரிய இதழோ நூலோ கையில் இருப்பதாகத் தோன்றினால், எதையும் ஒட்டுவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் பாதுகாப்பதும் மின்வடிவமாக்குவதும் அவர்கள் வேலை.