நாலைந்து அறை விடுதிக்கு ஆன்லைன் புக்கிங்: சில குறிப்புகள்

ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ நாலைந்து அறை வைத்து விடுதி நடத்துகிறீர்களா? புக்கிங்.காம், அகோடா, மேக்மைட்ரிப் என்று ஒரே நாளில் எல்லா புக்கிங் தளங்களிலும் சேர வேண்டாம். முதலில் ஒன்று போதும். தளம் எடுத்துக்கொள்ளும் கமிஷனைக் கணக்குப் போட்டு வாடகை வையுங்கள். 15 சதவீதம் என்றால் 2,000 ரூபாய் அறைக்குக் கையில் நிற்பது 1,700. கமிஷன் மீதான ஜிஎஸ்டி தனி.

இரண்டாவது புக்கிங் தளத்தில் சேரும்போதுதான் தலைவலி. ஒரே அறையைப் பதிவு செய்த இரண்டு குடும்பங்கள் சனிக்கிழமை ராத்திரி பெட்டியோடு வாசலில் நிற்கும். இதற்கென்றே ‘சேனல் மேனேஜர்’ மென்பொருள் இருக்கிறது; ஓரிடத்தில் அறை போனால் மற்ற தளங்களிலும் இருப்பைக் குறைத்துவிடும். சந்தா கட்ட மனமில்லை என்றால், சில தளங்களின் காலண்டர்களை இலவசமாகவே இணைக்கலாம். ஆனால் அது புதுப்பித்துக்கொள்ள நேரம் பிடிக்கும், சீசனில் நம்ப முடியாது. போனில் நேரடியாகக் கொடுத்த அறையையும் தளங்களில் உடனே மூடிவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான்.

அப்புறம் படங்கள். மலைக் காட்சியை எல்லோரும்தான் போடுகிறார்கள். குளியலறையையும் கார் நிறுத்துமிடத்தையும் காட்டுங்கள், வெந்நீர் எத்தனை மணி வரை என்று எழுதுங்கள்.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் விடுதியைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். அதில் போன் நம்பர் சரியாக இருக்கட்டும். தளத்தில் பார்த்துவிட்டு நேரடியாகக் கூப்பிடுபவரும் உண்டு. அந்த அழைப்புக்குக் கமிஷன் கிடையாது.