பழைய ஊஞ்சல் பலகைக்கு எண்ணெய் ஊட்டும் முறை

ஊரிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்த தேக்கு ஊஞ்சல் பலகை வெளுத்து வறண்டுபோனால், கைக்கு முதலில் எட்டுவது அடுக்களையில் இருக்கும் தேங்காய் எண்ணெய்தான். அல்சூருக்குக் குடிவந்த புதிதில் நானும் அதைத்தான் தேய்த்தேன். இரண்டு நாள் பளபளத்த பலகை, மூன்றாம் வாரத்தில் தூசியெல்லாம் ஒட்டிப் பிசுபிசுத்து, உட்கார்ந்தவர் வேட்டியில் கறையை ஏற்றிவிட்டது.

தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் மரத்தில் ஊறுமே தவிர, எத்தனை மாதமானாலும் இறுகா. காயும் எண்ணெய்கள் வேறு: ஆளிவிதை எண்ணெய், டங் என்னும் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய், வால்நட் எண்ணெய் ஆகியவை. இவை காய்வது ஈரத்துணி காய்வதைப் போன்றதன்று. எதுவும் ஆவியாகிப் போவதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எண்ணெய் உள்வாங்கி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப் படலமாகின்றன. புதிய கிரிக்கெட் மட்டைக்குப் பூசுவதும் இந்த ஆளிவிதை எண்ணெயைத்தான்.

இங்குள்ள கடைகளில் கன்னடத்தில் ‘அகசெ எண்ணெ’ என்றும், பெயின்ட் கடையில் ‘லின்சீட் ஆயில்’ என்றும் கேட்கலாம். ‘டபுள் பாயில்டு’ என்று விற்கப்படுவதில் சீக்கிரம் காய்வதற்காகப் பெரும்பாலும் உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். ஊஞ்சலுக்கும் நாற்காலிக்கும் அது போதும், காய் நறுக்கும் பலகைக்கு ஆகாது. நறுக்கும் பலகைக்குச் செக்கில் ஆட்டிய, எதுவும் கலக்காத எண்ணெயே நல்லது. உணவுக்கென விற்கும் சில புட்டிகளில் வைட்டமின் ஈ சேர்த்திருப்பதால் அவை எளிதில் காயா. ஐயம் இருந்தால், ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் மெல்லத் தடவி, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வைத்துவிட்டு, பத்து நாள் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். இன்னும் வழுக்கினால் அந்த எண்ணெய் மரத்துக்கு உதவாது.

பலகையில் பழைய வார்னிஷ் இருந்தால் முழுவதும் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் எண்ணெய் அதற்குள் இறங்காது. 120, 180, 220 எண் உப்புத்தாள்களால், இந்த வரிசையில், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தேக்குக்குள் அதன் சொந்த எண்ணெய்ப்பசை இருப்பதால், பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. அப்போதுதான் ஆழமாக இறங்கும். தாராளமாகத் தடவி இருபது நிமிடம் ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் மேலே நிற்பதையெல்லாம் துடைத்தெடுக்க வேண்டும். வேலையின் உயிர்நாடி தடவுவதில் இல்லை, இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதைத் துடைத்து எறிகிறோமே என்று மனம் கேட்காமல் விட்டுவைத்தால், மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே பசையாகவே கிடக்கும். வெள்ளைத்தாளை அழுத்தி எடுத்தால் அதில் எண்ணெய்த்தடம் விழக்கூடாது. மறுநாள் காலையில் மரத்தின் நுண்துளைகளிலிருந்து சிறு முத்துகளாக எண்ணெய் கசிந்து நிற்பதுண்டு. அதையும் துடைத்துவிட வேண்டும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. எண்ணெய் காயும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறி, நெருப்புக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் தீப்பற்றலாம். 1991-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று எரிந்து, தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்ததற்கு இப்படிக் குவித்து வைத்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் துணியைத் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூடிவைப்பதே பத்திரம்.

அடுத்தடுத்த பூச்சுகளுக்கு டர்பன்டைன் வேண்டாம். பாயில்டு எண்ணெய்க்கு ஒரு நாள், எதுவும் கலக்காத பச்சை எண்ணெய்க்கு ஒரு வாரம் இடைவெளி விட்டு, மூன்று நான்கு முறை பூசினால் போதும். பெங்களூரில் இதற்கு ஏற்ற காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மழைக்கால ஈரக்காற்றில் இந்த இடைவெளி இரட்டிப்பானாலும் வியப்பில்லை. கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு மாதம் பொறுத்தே ஊஞ்சலை மாட்ட வேண்டும்.

கண்ணாடிப் பளபளப்பை இதில் எதிர்பார்க்கலாகாது. பக்கத்திலுள்ள சென்னபட்டணத்துப் பொம்மைகளின் மினுமினுப்பு எண்ணெயால் வருவதன்று; கடைசலில் சுழலும் மரத்தில் அரக்கை அழுத்த, உராயும் சூட்டில் அது உருகிப் படிவது. எண்ணெய் தருவது மங்கலான, இதமான பொலிவு. நாளாக ஆக நிறம் சற்று மஞ்சளாகும், வெளிர்நிற மரங்களில் அது நன்றாகவே தெரியும். மழைச்சாரல் அடிக்கும் பால்கனிக்கும் இது ஏற்றதன்று, கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் சூடான காபி டவரா வெள்ளை வளையம் பதித்துவிட்டால் வார்னிஷ் போலப் பலகை முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் 220 எண் தாளால் தேய்த்து, நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, இருபது நிமிடத்தில் துடைத்துவிடலாம்.