பசுமை ஹோட்டலுக்கு டிஜிட்டல் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோட்டல்களில் புதிதாகப் பொறுப்பேற்கும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். மின்சாரம், தண்ணீர், கழிவு ஆகியவற்றைக் குறைத்துப் பசுமை ஹோட்டலாக்கும் முயற்சியில், ஒரு காலத்தில் நாங்கள் விழுந்த பள்ளங்களில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். எல்இடி விளக்கு, ஒழுகும் குழாய் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றுக்குள் போகவில்லை.

நோட்டையும் செயலியையும் சேர்த்து ஓட்டுவது

அதிகப் பணத்தைத் தின்பதும், இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான். ஆலோசனைக்காக நான் போன ஒரு ஹோட்டலில் அறைகளின் ஏசியை ஹவுஸ்கீப்பிங் செயலியோடு இணைத்திருந்தார்கள். விருந்தினர் காலி செய்த அறையைச் சுத்தம் செய்து முடித்ததும் ஊழியர் செயலியில் குறிக்க வேண்டும். உடனே ஏசி தானாக அணைந்துவிடும். ஏற்பாட்டில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் மாதங்கள் கடந்தும் மின்கட்டணம் இறங்கவில்லை. முதலாளி கருவி விற்றவரைத் திட்டினார். விற்றவர் வயரிங்கின் மேல் பழி போட்டார். செயலியில் பதிவான நேரங்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு மாடியின் அத்தனை அறைகளும் மாலை 4 மணியை ஒட்டி, சில நிமிடங்களுக்குள் சுத்தமாகியிருந்தன! காலை 11 மணிக்கே வேலை முடிந்ததாக நோட்டில் எழுதியிருந்த அறைகளும் அதில் அடக்கம். அதுவரை ஆளில்லாத அறைகளில் ஏசி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மாடியில் வேலை பார்க்கும் அம்மாவிடம் கேட்டேன். “நோட்டில் எழுதவில்லை என்றால் சூப்பர்வைசர் அங்கேயே சத்தம் போடுவார் சார். போனில் போடவில்லை என்றால் யாரும் கேட்பதில்லை” என்றார். செயலி முழுக்க ஆங்கிலம். மாடிக்கு ஒரே கைபேசி, அதுவும் பெரும்பாலான நேரம் சூப்பர்வைசர் மேசையில் சார்ஜில் இருக்கும். லட்சக்கணக்கில் கருவிகளுக்குக் கொடுத்தவர்கள் கூடுதலாக இரண்டு கைபேசி வாங்கக் கணக்குப் பார்த்தார்கள்.

“பழகும்வரை நோட்டும் இருக்கட்டும்” என்றுதான் எல்லா இடத்திலும் தொடங்குகிறார்கள். நோட்டு இருக்கும்வரை யாரும் பழகப் போவதில்லை. செயலியைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வடமாநிலத்தவர் வேலை செய்தால் இந்தியிலும் வேண்டும். பிறகு ஒரு தேதி குறித்து நோட்டை எடுத்துவிடுங்கள். சூப்பர்வைசரும் செயலியைப் பார்த்தே அறைகளைச் சோதிக்கட்டும். அவர் மாறாமல் மாடியில் யாரும் மாற மாட்டார்கள்.

அசைவை மட்டும் நம்பும் சென்சார்

அறையில் அசைவு இல்லாவிட்டால் ஆளில்லை என்று ஏசியை அணைக்கும் சென்சாரை வைக்கிறார்கள். ஆனால் தூங்குகிறவர் அசைய மாட்டார். நள்ளிரவில் ஏசி அணைந்து வரவேற்புக்குப் போன் வரும். ஆள் வெளியே போனாரா என்று தெரிய, கதவு திறந்து மூடுவதைக் கவனிக்கும் சென்சாரும் சேர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சாவி அட்டை

அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் என்று வைக்கிறோம். “வெளியே போகும்போது லேப்டாப் சார்ஜ் ஏற வேண்டும்” என்று கேட்பவருக்கு வரவேற்பிலேயே இன்னோர் அட்டையை நீட்டுகிறார்கள். அதைச் செருகிவிட்டு அவர் போக, ஆளில்லாத அறையில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பிளக் பாயின்டை மட்டும் தனி இணைப்பில் விட்டால் இந்தக் கூத்து தேவையில்லை.

துண்டு அட்டையோடு நிறுத்திக்கொள்வது

துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லிக் குளியலறையில் வைக்கும் அட்டை வாசகத்துக்குப் பலன் உண்டு. கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வழக்கமான சுற்றுச்சூழல் வேண்டுகோளுக்கு 35 சதவீதம் பேர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். மற்ற விருந்தினர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்வதாகச் சொன்னபோது அது 44 சதவீதமானது. ஆனால் நம் ஊரில் மறுபடி பயன்படுத்துவதற்காக விருந்தினர் கம்பியில் மாட்டிய துண்டையும் ரூம் பாய் எடுத்துப்போய்விடுகிறார். புகார் வந்தால் திட்டு அவருக்குத்தானே? மாட்டிய துண்டை மாற்றாததற்கு நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் கொடுங்கள்.

கியூஆர் மெனு மட்டும்

அச்சு மெனுவும் சில இருக்கட்டும்.

பாட்டிலை மாற்றிவிட்டு வாளியை மறப்பது

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்ததும் பலர் கண்ணாடி பாட்டிலுக்கு மாறி, படமும் எடுத்துப் போட்டார்கள். ஆனால் பஃபேயில் வீணாகும் உணவை எடை போடுகிறவர்கள் மிகச் சிலரே. இதற்கு ஒரு மின்னணுத் தராசும் வேளைக்கு ஒரு வாளியும் போதும். எடை குறிக்கும் வேலையைத் தட்டு கழுவும் பகுதியில் இருப்பவரிடம் கொடுங்கள். செஃபிடம் கொடுத்தால் எண் எப்போதும் குறைவாகத்தான் வரும்.