ஈமெயில்ல வர்ற வேலை ரிக்குவெஸ்ட்ட தானாவே லிஸ்ட்ல ஏத்தறது எப்படி: முதல் தடவையா செய்றவங்களுக்கு

பினாங்குல பாயான் பாரு பக்கம் ஒரு கொண்டோ மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். காலையில கம்ப்யூட்டர தொறந்தா குடியிருக்கவங்க அனுப்புன மெயில் வரிசையா நிக்கும், லிஃப்ட்ல லைட்டு எரியல, கார் பார்க்ல தண்ணி தேங்குது, பாத்ரூம் சீலிங்லேர்ந்து சொட்டுது, இப்படி. அத ஒவ்வொண்ணா தொறந்து பாத்து எக்செல்ல டைப் பண்றதே எங்க கிராணி அக்காவுக்கு பாதி நாள் வேலை. தைப்பூச லீவு முடிஞ்சு வந்தா கேக்கவே வேணாம், மதியம் வரைக்கும் அக்கா பசியாறக்கூட எந்திரிக்க மாட்டாங்க.

இதுல ஒரு தடவை ஒரு மெயில் விட்டுப்போச்சு. மேல் வீட்லேர்ந்து தண்ணி கசியுதுன்னு ஒரு அங்கள் அனுப்பியிருந்தாரு, ராத்திரி யாரோ போன்ல அத தொறந்து பாத்துட்டாங்க, தொறந்ததும் அந்த தடிச்ச எழுத்து போயிடுமில்ல, மறுநாள் அக்கா பாக்கும்போது படிச்ச மெயில் மாதிரி இருந்துச்சு, சரி யாரோ எடுத்துட்டாங்கன்னு விட்டுட்டாங்க. 11 நாள் கழிச்சு அங்கள் நேர்ல வந்து போன்ல போட்டோ காட்டுனாரு, சீலிங் பூச்சு பேந்து மெத்தை மேல கெடக்குது. அவருக்கு பதில் சொல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல.

மாடிக்கு மாடி கசிவுன்னா சும்மா இல்லைங்க. 2015 ஸ்ட்ராட்டா மேனேஜ்மென்ட் ரெகுலேஷன் (அடுக்குமாடி நிர்வாக விதி) படி நோட்டீஸ் கெடச்ச நாள்லேர்ந்து 7 நாளுக்குள்ள போய் இன்ஸ்பெக்ஷன் பண்ணணும், அது முடிஞ்சு 5 நாளுக்குள்ள பாரம் 28ங்கற இன்ஸ்பெக்ஷன் சர்ட்டிபிகேட்ட கொடுக்கணும். அப்ப மெயில் எப்ப வந்துச்சுங்கறதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை, அக்கா எப்ப டைப் பண்ணாங்கங்கறது இல்ல. அதனால நான் செஞ்ச ஏற்பாட்டோட நோக்கம் ஒண்ணே ஒண்ணு: வந்த மெயில் ஒண்ணுகூட விடாம, வந்த நேரத்தோட, ஒரு வரியா பதிவாகணும். அத படிச்சு புரிஞ்சு பிளம்பர அனுப்பறதா எலக்ட்ரீஷியன அனுப்பறதான்னு முடிவு பண்றது மனுஷன் வேலை, அத மெஷின்கிட்ட கொடுக்காதீங்க.

என்ன வேணும்

ஆபீஸ்ல மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் கணக்கு இருந்தா போதும். அதுல பவர் ஆட்டோமேட்னு ஒண்ணு இருக்கு, மெயில் வந்தா இத செய்னு சொல்லி வச்சா தானாவே செய்யும், 2019 வரைக்கும் அதுக்கு மைக்ரோசாஃப்ட் ஃப்ளோன்னு பேரு, பழைய யூடியூப் வீடியோவுல அந்த பேரு வந்தா குழம்பாதீங்க ரெண்டும் ஒண்ணுதான். புரோகிராம் எதுவும் எழுத வேண்டியதில்ல. பதிவெல்லாம் சேத்து வைக்க டேட்டாபேஸ்னதும் எஸ்கியூஎல் சர்வர்தான் வேணும்னு சில பேர் சொல்வாங்க, பவர் ஆட்டோமேட்ல அதுக்கு பிரீமியம் லைசன்ஸ் தனியா வாங்கணும். ஷேர்பாயின்ட்னு 365லயே ஆபீஸ் ஃபைலும் பட்டியலும் வைக்கற எடம் இருக்கு, அதுல இருக்கற லிஸ்ட்டுக்கு அந்த செலவு இல்ல. எங்க மாதிரி ஒரு கொண்டோவுக்கு லிஸ்ட்டே தாராளம், ஒவ்வொரு வரிக்கும் அதுவே ஒரு நம்பர் போட்டுக்கும், ஒரே நேரத்துல மூணு பேர் தொறந்து திருத்தலாம்.

முதல் வேலை: மெயிலுக்கு தனி பெட்டி

ஐடி பாக்கறவர்கிட்ட ஒரு ஷேர்ட் மெயில்பாக்ஸ், அதாவது பல பேர் சேந்து பாக்கற மெயில் பெட்டி, கேளுங்க. 50 ஜிபி வரைக்கும் அதுக்கு தனி லைசன்ஸ் காசு கிடையாது. உங்க கணக்குக்கு அதுல ஃபுல் ஆக்சஸும் (பெட்டிய தொறந்து பாக்க) சென்ட் ஆஸும் (அந்த அட்ரஸ் பேர்ல மெயில் அனுப்ப) ரெண்டுமே கேட்டு வாங்கிடுங்க, ரெண்டாவது கடைசியில தேவைப்படும். நோட்டீஸ் போர்டு, லிஃப்ட், மாச பில்லு எல்லாத்துலயும் இனிமே அந்த அட்ரஸ் மட்டும்தான்னு போடுங்க.

ஏன் தனி பெட்டின்னா, நான் முதல்ல ஆபீஸோட பொது இன்பாக்ஸ வச்சுக்கிட்டு சப்ஜெக்ட்ல லீக்கிங்னு இருந்தா மட்டும் எடுன்னு போட்டேன். நம்ம ஊர்ல அது நடக்குமா? ஒருத்தர் மலாய்ல போச்சோர்னு எழுதறாரு, பக்கத்து யூனிட் ஆன்ட்டி சீனத்துல எழுதறாங்க, நம்மாளு சப்ஜெக்ட்ல வெறும் வணக்கம்னு போட்டு அனுப்பறாரு. எந்த வார்த்தைய வச்சு வடிகட்டுனாலும் யாரோ ஒருத்தர் வெளிய நின்னுடுவாங்க. தனி அட்ரஸ்னா வர்றது எல்லாத்தையும் எடுத்துக்கலாம்.

ரெண்டாவது: லிஸ்ட்

மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ஸ தொறந்து நியூ லிஸ்ட், பிளாங்க் லிஸ்ட். சேவ் டூ-ன்னு கேக்கும்போது மை லிஸ்ட்ஸ்ல வைக்காதீங்க, ஆபீஸோட ஷேர்பாயின்ட் சைட்ட தேர்ந்தெடுங்க, இல்லன்னா அது உங்க சொந்த சொத்து மாதிரி உங்க கணக்குலயே கெடக்கும், நீங்க வேலை மாறிப்போனா அதுவும் போச்சு.

காலம்னா எக்செல்ல மேலேர்ந்து கீழ வர்ற column மாதிரிதான், அது இவ்வளவு போதும். டைட்டில் ஏற்கனவே இருக்கும், அதுல மெயில் சப்ஜெக்ட் போகும். அனுப்பியவர், இது ஒத்த வரி டெக்ஸ்ட், பெர்சன் வகைய எடுத்துடாதீங்க, குடியிருக்கவங்க உங்க ஆபீஸ் கணக்குல இல்லாத ஆளுங்க, ஏத்துக்காது. வந்த நேரம், டேட் அண்ட் டைம் வகை, இன்க்ளூட் டைம யெஸ் பண்ணிடுங்க. விவரம், பல வரி டெக்ஸ்ட், ஏன்னா ஒத்த வரியில 255 எழுத்துக்கு மேல போகாது. யூனிட் நம்பர், வேலை வகை, யார் போறாங்க, இதெல்லாம் காலியா விடுங்க. ஸ்டேட்டஸ், சாய்ஸ் வகை, புதுசு, போயிட்டிருக்கு, முடிஞ்சது, டிஃபால்ட்டா புதுசு. கடைசியா மெயில் ஐடின்னு ஒத்த வரி காலம், அதுக்கு மட்டும் என்ஃபோர்ஸ் யூனீக் வேல்யூஸ யெஸ்னு வைங்க, அப்பதான் ஒரே மெயில் ரெண்டு தடவை ஏறாது.

இன்னொண்ணு, இத மறந்தீங்கன்னா முதல் வாரமே மாட்டுவீங்க. டைட்டில் காலம் கட்டாயம்னுதான் வரும். போன்ல போட்டோ எடுத்து சப்ஜெக்ட்டே இல்லாம அனுப்பறவங்க எத்தனையோ பேர், அந்த மெயில் வந்ததும் டைட்டில் காலின்னு சொல்லி வரி ஏறாம நின்னுடும். லிஸ்ட் செட்டிங்ஸ்ல போய் டைட்டில அழுத்தி, ரிக்கொயர்னு இருக்கறத நோ பண்ணுங்க.

மூணாவது: ஃப்ளோ

ஃப்ளோன்னா ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா தானா ஓடற ஸ்டெப் வரிசை. பவர் ஆட்டோமேட்ல கிரியேட், ஆட்டோமேட்டட் கிளவுட் ஃப்ளோ. பேரு வச்சுட்டு தேடற எடத்துல ஷேர்ட் மெயில்பாக்ஸ்னு அடிச்சீங்கன்னா வென் எ நியூ ஈமெயில் அரைவ்ஸ் இன் எ ஷேர்ட் மெயில்பாக்ஸ்னு ஒண்ணு வரும், ஆஃபீஸ் 365 அவுட்லுக்னு போட்டிருக்கறத எடுங்க. ஒரிஜினல் மெயில்பாக்ஸ் அட்ரஸ்ல உங்க புது அட்ரஸ், ஃபோல்டர்ல இன்பாக்ஸ், இன்க்ளூட் அட்டாச்மென்ட்ஸ் யெஸ்.

இந்த ஃப்ளோ மெயில் வந்த நேரத்த பாத்துதான் புது மெயில கண்டுபிடிக்குது. அதனால தப்பான பெட்டிக்கு வந்த பழைய மெயில கையால இழுத்து இந்த இன்பாக்ஸ்ல போட்டா எடுக்காம போக வாய்ப்பிருக்கு. இழுக்காம அத ஃபார்வர்ட் பண்ணுங்க, புது மெயிலா வந்து ஏறும், ஆனா வந்த நேரத்த மட்டும் பழைய மெயில பாத்து கையால திருத்திடணும். அப்புறம் 50 எம்பிக்கு மேல கனமா இருக்கற மெயிலயும் தாண்டிடும், நீளமா வீடியோ எடுத்து அனுப்பறவங்ககிட்ட இத சொல்லி வைங்க.

அடுத்த ஸ்டெப் எச்டிஎம்எல் டூ டெக்ஸ்ட். மெயிலோட பாடிய அதுல கொடுங்க. இது இல்லாம நேரா லிஸ்ட்ல போட்டீங்கன்னா எழுத்துக்கு நடுவுல குறியும் கோடுமா வந்து கண்ண உறுத்தும், அக்காவால ஒரு வரி படிக்க முடியாது.

அதுக்கு கீழ ஷேர்பாயின்ட்டோட கிரியேட் ஐட்டம். சைட்டும் லிஸ்ட்டும் தேர்ந்தெடுத்ததும் நீங்க செஞ்ச காலம் எல்லாம் வரிசையா தெரியும். டைட்டில்ல சப்ஜெக்ட், அனுப்பியவர்ல ஃப்ரம், விவரத்துல முந்தின ஸ்டெப்போட டெக்ஸ்ட், மெயில் ஐடில இன்டர்நெட் மெசேஜ் ஐடி. வெறும் மெசேஜ் ஐடின்னும் ஒண்ணு இருக்கும், அது மெயில வேற ஃபோல்டருக்கு மாத்துனா மாறிடும், இன்டர்நெட்னு இருக்கறதுதான் நெலையா நிக்கும். வந்த நேரத்துல ரிசீவ்ட் டைம்.

நேரம் விஷயத்துல நான் பட்டத சொல்லிடறேன். அந்த ரிசீவ்ட் டைம் யூடிசியில, அதாவது உலக பொது நேரத்துல வரும், நம்ம நேரத்துக்கு 8 மணி நேரம் பின்னால. அதுக்குன்னு கன்வர்ட் டைம் ஸோன்னு ஒரு ஸ்டெப் இருக்கு, நான் பொறுப்பா அத நடுவுல சொருகி நம்ம நேரத்துக்கு மாத்திட்டு லிஸ்ட்ல போட்டேன். ஷேர்பாயின்ட் என்ன பண்ணுச்சுன்னா, நான் கொடுத்தத யூடிசின்னே நெனச்சு அதுமேல இன்னொரு 8 மணி நேரத்த கூட்டிடுச்சு. சாயந்தரம் 6.20க்கு வந்த கசிவு மெயில் மறுநாள் விடியக்காலை 2.20னு நிக்குது, தேதியே ஒரு நாள் தள்ளிப்போச்சு, 7 நாள் கணக்கும் கூடவே தப்பாச்சு. அதனால அந்த ஸ்டெப்பே வேணாம். வந்தத அப்படியே கொடுங்க, அதுக்கு பதிலா ஷேர்பாயின்ட் சைட்டோட ரீஜனல் செட்டிங்ஸ்ல போய் டைம் ஸோன கோலாலம்பூர், சிங்கப்பூர்னு மாத்துங்க. பல சைட்டுல அமெரிக்கா பசிபிக் நேரம்தான் வச்சிருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டாங்க.

நாலாவது: போட்டோ

அப்ளை டூ ஈச்னு ஒண்ண, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை ஓடறது, அத சேத்து அதுல மெயிலோட அட்டாச்மென்ட்ஸ கொடுங்க, உள்ள ஷேர்பாயின்ட்டோட ஆட் அட்டாச்மென்ட். ஐடில கிரியேட் ஐட்டத்துலேர்ந்து வர்ற ஐடி, ஃபைல் நேம்ல அட்டாச்மென்ட்ஸ் நேம், ஃபைல் கன்டென்ட்ல அட்டாச்மென்ட்ஸ் கன்டென்ட். கம்பெனி லோகோ, கையெழுத்து படம் எல்லாம் கூடவே ஏறும், அத தடுக்க இன்லைன் படத்த விட்டுடுன்னு சில பேர் சொல்லித் தருவாங்க. நான் போட மாட்டேன். ஐபோன்ல எழுத்துக்கு நடுவுல சொருகுன போட்டோவும் இன்லைனாத்தான் வரும், கசியற சீலிங் படமே அதுல போயிடலாம். பத்து லோகோ சும்மா கெடந்தா கெடந்துட்டு போகுது.

யூனிட் நம்பர மெயில்லேர்ந்து தானா பிரிச்சு எடுக்கலாமான்னு கேப்பீங்க. செய்யலாம், ஆனா ஆரம்பத்துல வேணாம். பி-12-03னு ஒருத்தர் எழுதுவாரு, இன்னொருத்தர் பிளாக் பி 12 மாடி 3ம்பாரு, ஒருத்தர் நம்பரே எழுதாம நான் அந்த மூலை வீடும்பாரு. தப்பா பிரிச்சு வேற வீட்டுக்கு பிளம்பர அனுப்பறதவிட காலியா இருக்கறது நல்லது. அக்கா காலையில புதுசுன்னு இருக்கற வரிய மட்டும் தொறந்து யூனிட்டும் வகையும் போடறாங்க, டைப் பண்றதுக்கு அவ்வளவுதான் பாக்கி.

அஞ்சாவது: நின்னுபோனா தெரியணும்

ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்போது நின்னுபோயிருந்தா அது பழைய எக்செலவிட மோசம். கிரியேட் ஐட்டத்துக்கு கீழ பேரலல் பிராஞ்ச் (பக்கவாட்டுல தனியா பிரியற வழி) ஒண்ணு போட்டு, உங்க சொந்த மெயிலுக்கு ஒரு சென்ட் ஆன் ஈமெயில் வைங்க, அதுல சப்ஜெக்ட்டும் அனுப்பியவரும் வர்ற மாதிரி. அப்புறம் அந்த ஸ்டெப்போட கான்ஃபிகர் ரன் ஆஃப்டர்ல ஹேஸ் ஃபெயில்ட் மட்டும் டிக் பண்ணி மத்தத எடுத்துடுங்க. வரி ஏறலைன்னா மட்டும் உங்களுக்கு மெயில் வரும். ரன் ஹிஸ்டரி 28 நாள்தான் இருக்கும், அதனால அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஃப்ளோவ செஞ்சவரோட கணக்குலதான் அது ஓடும். பாஸ்வேர்டு மாத்துனா கனெக்ஷன் அறுந்துபோகலாம், ஆளு வேலைய விட்டா நின்னே போகலாம். இன்னொருத்தர கோ ஓனரா சேத்து வைங்க. லிஸ்ட்ல குடியிருக்கவங்க பேரு, போன் நம்பர் எல்லாம் இருக்கு, நம்ம நாட்டு 2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் இதுக்கும் பொருந்தும், அதனால எல்லாருக்கும் தொறந்து விடாம வேலை செய்றவங்களுக்கு மட்டும் பெர்மிஷன் கொடுங்க.

கடைசியா: பதில் மெயில்

இத முதல் நாளே போடாதீங்க. ரெண்டு வாரம் பழைய எக்செலும் இதுவும் சேந்து ஓடட்டும், தினமும் சாயந்தரம் இன்பாக்ஸ்ல இன்னிக்கு எத்தனை, லிஸ்ட்ல எத்தனைன்னு எண்ணுங்க. எங்களுக்கு மூணாவது நாள் ஒண்ணு கொறஞ்சுச்சு, தேடுனா அதே சப்ஜெக்ட் இல்லாத மெயில்தான், டைட்டில அப்பதான் திருத்துனேன்.

எண்ணிக்கை சரியா நின்னப்புறம் கடைசி ஸ்டெப்பா சென்ட் ஆன் ஈமெயில் ஃப்ரம் எ ஷேர்ட் மெயில்பாக்ஸ். யாருக்குன்னா ஃப்ரம், சப்ஜெக்ட்ல நோ. ஆடுவான்னு (No. Aduan, மலாய்ல புகார் நம்பர்) போட்டு பக்கத்துல கிரியேட் ஐட்டத்தோட ஐடி. உள்ள மலாய்லயும் இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் ரெண்டு ரெண்டு வரி, உங்க புகார் பதிவாச்சு, போன் பண்ணும்போது இந்த நம்பர சொல்லுங்கன்னு. ஆனா அவங்க அந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணா அது இன்னொரு புது வரியா ஏறும், அதுக்கும் பதில் போகும், எதிர்ல ஆட்டோ ரிப்ளை வச்சிருந்தா ரெண்டும் மாத்தி மாத்தி அனுப்பிக்கிட்டே இருக்கும். அதனால ஃப்ளோவோட ஆரம்பத்துல, மெயில் வந்த ஒடனே ஒரு கண்டிஷன் வைங்க, சப்ஜெக்ட்ல நோ. ஆடுவான் இருக்கான்னு. இல்லைன்னா மட்டும் கீழ இருக்கற எல்லா ஸ்டெப்பும். இருந்தா ஒண்ணும் செய்யாம இன்பாக்ஸ்லயே நிக்கட்டும், அக்கா அத படிச்சு அந்த நம்பர் வரியில சேத்துடுவாங்க.

இப்ப உங்க சொந்த போன எடுத்து சப்ஜெக்ட் போடாம, ஒரு போட்டோவோட, தமிழ்லயே ஒரு மெயில் அனுப்புங்க. கொஞ்ச நேரத்துல வரி ஏறணும், நேரம் போன்ல இருக்கற நேரமா இருக்கணும், படம் தொறக்கணும், நம்பரோட பதில் வரணும். வந்த பதிலுக்கு ஒரு ரிப்ளை போட்டு பாருங்க, அப்ப புது வரி ஏறக்கூடாது.