சொதப்பும் இளம் குவாட்டர்பேக்கை நம்பி அணியைக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 செப்டம்பரில், சீசன் தொடங்கி இரண்டே ஆட்டங்கள் முடிந்த நிலையில், அமெரிக்கக் கால்பந்து அணியான கரோலினா பாந்தர்ஸ் தன் இளம் குவாட்டர்பேக் பிரைஸ் யங்கைப் பெஞ்சில் உட்கார வைத்தது. முதல் ஆட்டத்தில் நியூ ஆர்லியன்ஸிடம் 47-10 என்று தோல்வி. அடுத்த வாரம் சார்ஜர்ஸிடம் 26-3. அதற்குப் பதினேழு மாதங்கள் முன்புதான் 2023 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் நிகழ்ச்சியில், முதல் ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 2021-ல் கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர். அவர் இடத்தில் இறங்கியது 36 வயது ஆண்டி டால்டன். பையன் தேற மாட்டான் என்று பலரும் அன்றைக்கே கணக்கை முடித்துவிட்டார்கள்.

எனக்கு அப்போதும் இப்போதும் ஒரே எண்ணம்தான். ஓர் இளம் குவாட்டர்பேக் சொதப்பினால், அவரைச் சுற்றி என்ன வைத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஆளை எடை போடுகிற அணிகள் மறுபடி மறுபடி அதே குழியில் விழுகின்றன.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள். தாக்கி ஆடும்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பது அவர் கையில். ஒவ்வோர் ஏப்ரலிலும் நடக்கும் டிராஃப்டில், போன சீசனில் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் தேர்வு. அதாவது, நாட்டின் மிகத் திறமையான இளைஞர் பெரும்பாலும் மிகவும் நொடித்துப்போன அணிக்குத்தான் போய்ச் சேருகிறார். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு நான்கு வருட ஒப்பந்தம். மூன்றாவது சீசன் முடிந்ததும், ஐந்தாவது வருடத்துக்கும் அவரை வைத்துக்கொள்வதா என்று அணி முடிவு சொல்லியாக வேண்டும். எல்லோரையும் அவசரப்படுத்துவது இந்தக் கெடுதான்.

யானை வாங்கியாச்சு, அங்குசத்துக்குக் காசில்லை

யங்கை எடுப்பதற்காகக் கரோலினா சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்ததைப் பாருங்கள். 2023-ன் 9-வது தேர்வு, 61-வது தேர்வு, 2024-ன் முதல் சுற்றுத் தேர்வு, 2025-ன் இரண்டாம் சுற்றுத் தேர்வு. இவ்வளவும் போதாதென்று டி.ஜே. மூரையும் கொடுத்தார்கள். அணியில் இருந்த ஆகச் சிறந்த ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர், அவர்தான். புதிதாக வரும் பையன் யாரிடம் பந்தை எறியப் போகிறான் என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? மூர் அந்த வருடம் சிகாகோவில் பந்தைப் பிடித்து மொத்தம் 1,364 கெஜம் சேர்த்தார். யங்குக்குக் கிடைத்த நம்பகமான கை, 33 வயது ஆடம் தீலன் ஒருவருடையதுதான். கரோலினா 17 ஆட்டத்தில் இரண்டை மட்டும் ஜெயித்தது. அதனால், தாரை வார்த்த 2024 முதல் சுற்றுத் தேர்வு அந்த டிராஃப்டின் முதல் தேர்வாகவே ஆகி, அதை வைத்து சிகாகோ கேலெப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது.

குவாட்டர்பேக்குக்காக விலை கொடுப்பதில் தப்பில்லை. அவர் நின்று ஆட வேண்டிய தரையையே பெயர்த்து விலையாகக் கொடுப்பதுதான் தப்பு.

இதோடு சேர்ந்த இன்னொரு வியாதி, எடுக்காமல் விட்டவரோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது. யங்குக்கு அடுத்ததாக ஹூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரௌட் முதல் வருடமே ஜொலித்தார். சரி, தேர்வு தவறாகவே இருந்திருக்கட்டும். கையில் இருப்பவரை வளர்ப்பதற்கு அந்தப் புலம்பல் எந்த உதவியும் செய்யாது.

முன்வரிசையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு இதுதான் என்பேன்.

பந்து கைக்கு வந்ததும் குவாட்டர்பேக் சில அடி பின்வாங்குகிறார். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர் மாதிரி நின்று எதிரணியைத் தடுக்கிறார்கள். அந்தச் சுவர் தாங்குவது இரண்டரை நொடி, கூடிப்போனால் மூன்று நொடி. அதற்குள் அவர் கண் முதல் ரிசீவரைப் பார்த்து, அவர் மடக்கப்பட்டிருந்தால் இரண்டாமவருக்குப் போய், அங்கேயும் வழியில்லை என்றால் மூன்றாமவரைத் தேட வேண்டும். கால்கள் ஒவ்வொரு பார்வைக்கும் ஏற்ப ஓர் அங்குலம் திரும்பிக்கொண்டே இருக்கும். சுவர் உடைந்து, எறிவதற்குள் அவரை அமுக்கிவிட்டால் அதற்குப் பெயர் சாக். ஒரு சாக்கில் போவது சில கெஜம்தான். ஆனால் அடி வாங்கி வாங்கிப் பழகியவரின் கண், தூரத்து ரிசீவரை விட்டுப் பக்கத்தில் பாய்ந்து வருபவர்களிடம் இறங்கிவிடுகிறது. யாரும் நெருங்காத போதும் கால் பதறும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உதறுவது ரொம்பக் கஷ்டம்.

டேவிட் கார் என்ற குவாட்டர்பேக்கைப் பாருங்கள். 2002-ல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் அவரை முதல் தேர்வாக எடுத்தது. இடது பக்கத்தைக் காப்பதற்கென்று வாங்கிய டோனி போசெல்லி, தோள் காயத்தால் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த ஒரே சீசனில் கார் 76 முறை சாக் ஆனார். அது லீக் சாதனை. 2005-ல் மறுபடியும் 68. பந்தைப் பிடித்துக்கொண்டே நின்று அவராக வரவழைத்த சாக்குகளும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் வளர்ந்ததே உடைந்த சுவருக்குப் பின்னால்தான். 2007-ல் அவரை அனுப்பிவிட்டார்கள்.

நியூயார்க் ஜெட்ஸின் சாம் டார்னால்டு கதை இன்னும் உருக்கமானது. 2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்திடம் 33-0 என்று தோற்ற இரவு, அவர் எறிந்த பந்தில் நான்கை எதிரணி பிடித்தது. சட்டையில் மைக் மாட்டியிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தன் கண்ணுக்குப் பேய்கள் தெரிவதாக அவர் சொன்னது நாடு முழுக்க ஒளிபரப்பானது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்த 22 வயதுப் பையனை எத்தனையோ பேர் கேலி செய்தார்கள். அவரை அரள வைத்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

யங் முதல் வருடத்தில் வாங்கிய சாக் 62. இங்கே கரோலினா பிற்பாடு செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் ராபர்ட் ஹன்ட்டுக்கு ஐந்து வருடத்துக்கு 10 கோடி டாலர், டேமியன் லூயிஸுக்கு நான்கு வருடத்துக்கு 5.3 கோடி டாலர் என்று கொட்டிக் கொடுத்தார்கள். இருவருமே கார்டுகள், அதாவது சுவரின் நடுப்பகுதியில் நிற்பவர்கள். வழக்கமாகப் பெரிய பணம் சுவரின் இரண்டு ஓரங்களில் நிற்பவர்களுக்குத்தான் போகும். ஆனால் யங்கின் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். அவருக்கு முன்னால் நிற்பவர்கள் ஆறரை அடியை நெருங்குகிறவர்கள். நடுப்பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டால் அவருக்கு மைதானமே தெரியாது. ஓரத்தில் ஓட்டை விழுந்தால் முன்னால் ஓரடி எடுத்து வைத்துத் தப்பிக்கலாம், நடுவில் விழுந்தால் போக்கிடமே இல்லை. ஆளுக்குத் தகுந்த சுவர் கட்டுவது என்றால் இதுதான்.

வருடத்துக்கு ஒரு வாத்தியார்

அலெக்ஸ் ஸ்மித்தை 2005-ல் சான் பிரான்சிஸ்கோ முதல் தேர்வாக எடுத்தது. முதல் வருடம் ஒரே ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார், பதினோரு முறை பந்தை எதிரணி கையில் கொடுத்தார். தாக்குதல் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்த பயிற்சியாளர் 2005-ல் மைக் மெக்கார்த்தி, 2006-ல் நார்வ் டர்னர், 2007-ல் ஜிம் ஹாஸ்லர், 2008-ல் மைக் மார்ட்ஸ், 2009-ல் ஜிம்மி ரே. ஆள் மாறினால் என்ன என்று தோன்றலாம். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தனி பாஷை உண்டு. ஒரே ஓட்டத்துக்கு ஒருவர் எண் வைப்பார், இன்னொருவர் பெயர் வைப்பார். சக வீரர்களிடம் ஒப்பிக்க வேண்டிய வாக்கியமே பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு நீளும். அதை யோசித்துச் சொல்கிற நிலையில் இருப்பவருக்கு எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்க்க மனசில் இடமிருக்காது. வருடா வருடம் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்த ஸ்மித், 2011-ல் ஜிம் ஹார்பாவ் தலைமைப் பயிற்சியாளராக வந்ததும் 17 டச்டவுன் எறிந்தார், ஐந்து முறை மட்டும் பந்தை இழந்தார். அணி 13 ஆட்டங்களை ஜெயித்தது. அதே ஆள்தான்!

கரோலினா இதை ஒரே சீசனில் செய்து காட்டியது. 2023-ல் ஒவ்வொரு முறையும் என்ன ஆடுவது என்று தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அக்டோபரில் அந்தப் பொறுப்பைத் தாக்குதல் பயிற்சியாளர் தாமஸ் பிரவுனிடம் கொடுத்தார், நவம்பரில் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த நவம்பர் முடிவதற்குள் அணி ரைக்கையே நீக்கிவிட்டது. அப்புறம் மறுபடியும் பிரவுன். 22 வயதுப் பையனின் காதில் ஒரே வருடத்தில் இத்தனை குரல் மாறினால் என்ன பாடம் ஏறும்?

இதற்காகத் தவறான பயிற்சியாளரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சொல்லவில்லை. ஜாரெட் காஃப் 2016-ல் முதல் தேர்வாக வந்து, முதல் ஆளாக இறங்கிய ஏழு ஆட்டத்தையும் தோற்றார். மறு வருடம் அவருடைய ராம்ஸ் அணி ஷான் மெக்வேயைப் பயிற்சியாளராகக் கொண்டு வந்தது. கூடவே ஆண்ட்ரூ விட்வொர்த் என்ற அனுபவசாலியை முன்வரிசைக்கும், ராபர்ட் வுட்ஸையும் கூப்பர் கப்பையும் ரிசீவர்களாகவும் சேர்த்தது. 2017-ல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்த அணி அதுதான். ஒரு தடவை மாற்று, சரியாக மாற்று, பிறகு கையை எடுத்துவிடு. பஃபலோவில் ஜோஷ் ஆலனுக்கு முதல் நான்கு வருடமும் பிரையன் டேபோல் ஒருவரே பாடம் எடுத்தார். ஆலன் எறிந்ததில் இலக்கைச் சேர்ந்தவை முதல் வருடம் நூற்றுக்கு 52.8, மூன்றாவது வருடம் 69.2. அந்த மூன்றாவது வருடத்தில்தான் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல் தர ரிசீவரையும் வாங்கிக் கொடுத்தார்கள்.

பெஞ்சும் காசோலையும்

பெஞ்சில் உட்கார வைப்பதே பாவம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடி வாங்காமல் ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்க்கும் சில வாரங்கள் மருந்தாக இருக்கலாம். உட்கார வைத்த கையோடு ஆளைக் கைகழுவி விடுவதுதான் தப்பு. யங் திரும்பி வந்ததுகூட விபத்தால்தான், சொல்லப்போனால் நிஜமான சாலை விபத்தால். அக்டோபரில் டால்டனின் கார் விபத்துக்குள்ளாகி அவர் கட்டைவிரலில் அடிபட்டது. டென்வருக்கு எதிராக யங் மறுபடி இறங்கினார், அந்த சீசன் முடியும்வரை இடத்தை விடவே இல்லை. சீசனின் கடைசி ஆட்டத்தில் கரோலினா அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 44-38 என்று வென்றது.

டார்னால்டை ஜெட்ஸ் 2021-ல் விற்றது. வாங்கியதும் இதே கரோலினாதான். அவர் அவர்களுக்காக ஒரு பந்துகூட எறிவதற்கு முன்பே ஐந்தாவது வருடத்துக்குச் சுமார் 1.9 கோடி டாலர் உறுதி செய்துவிட்டு, அந்த வருடம் வந்தபோது வேறொருவரைக் கூட்டி வந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வருடம் மாற்று ஆட்டக்காரராக இருந்து கற்றுக்கொண்ட அதே டார்னால்டு, 2024-ல் மின்னசோட்டாவுக்கு 35 டச்டவுன் எறிந்து 14 வெற்றி தேடித் தந்தார். அடுத்த சீசனில் சியாட்டில் அணிக்கு ஆடி, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலையே ஜெயித்தார்.

காசோலை விஷயத்தில் மறுபக்கமும் உண்டு. நியூயார்க் ஜயன்ட்ஸ் 2022-ல் டேனியல் ஜோன்ஸின் ஐந்தாவது வருடத்தை வேண்டாம் என்றது. அவர் அந்த வருடம் நன்றாக ஆடி நாக் அவுட் சுற்றான பிளேஆஃபில் ஓர் ஆட்டத்தையும் ஜெயித்ததும், 2023 மார்ச்சில் நான்கு வருடத்துக்கு 16 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2024 நவம்பரில் விடுவித்தது. முதலில் அவநம்பிக்கை, அப்புறம் ஒரு நல்ல வருடத்தைப் பார்த்து மிதமிஞ்சிய நம்பிக்கை. இரண்டுமே அவசரத்தில் எடுத்த முடிவுகள்.

எல்லா இளைஞரும் தேறிவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அரிசோனா 2018-ல் எடுத்த ஜோஷ் ரோசனை ஒரே வருடத்தில் விட்டுவிட்டு கைலர் மரேயை எடுத்தது. அதைக் கொடுமை என்றவர்கள் உண்டு. கண்ணெதிரே மேலானவர் கிடைக்கும்போது எடுத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆளை எடை போட வேண்டுமானால் வெற்றி தோல்வியை வைத்துப் போடாமல் இதைப் பாருங்கள்: சுவர் தாங்கிய வேளையில் கண் எங்கே போகிறது, கால் அடங்கி நிற்கிறதா, போன மாதம் செய்த அதே பிழையை இந்த மாதமும் செய்கிறாரா.

யங்கிடம் 2025-ல் நான் பார்த்தது இந்த மூன்றையும்தான். டிராஃப்டில் எட்டாவது ஆளாக டெட்டைரோவா மெக்மிலன் என்ற உயரமான ரிசீவரை எடுத்துக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் டேவ் கனாலெஸை மாற்றவில்லை. நவம்பரில் அட்லாண்டாவுக்கு எதிராக யங் மொத்தம் 448 கெஜத்துக்கு எறிந்தார். அந்த அணியின் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் யாரும் அவ்வளவு எறிந்ததில்லை. நடுவில் மோசமான வாரங்களும் வந்தன. 8 வெற்றி, 9 தோல்வி என்ற சுமாரான கணக்கோடுதான் தெற்குப் பிரிவை வென்றார்கள், பிளேஆஃபில் ராம்ஸிடம் 34-31 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வி இரவிலும் அவர் கண் மேலேயே இருந்தது, தூரத்து ரிசீவரைத் தேடிக்கொண்டு.