பழைய ராலி காரின் லோயர் ஆர்மும் புஷ்களும்: என் அனுபவம்

கரட்டுப் பாதைகளில் ஓடிய என் பழைய ராலி (கார்ப் பந்தய) காரின் லோயர் ஆர்மில் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையில்), புஷ் (மூட்டில் அமரும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை) அமரும் வளையத்தை ஒட்டிய வெல்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று தென்பட்டது. தகட்டை அழுத்தி வடித்த, கீழ்ப்புறம் திறந்த ஆர்ம் என்பதால், விரிசலைக் கிரைண்டரால் தோண்டி நிரப்பிய பின், 2 மி.மீ. மென் எஃகுத் தகட்டால் திறப்பை மூடிப் பெட்டி வடிவமாக்கினேன்; முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பு இதில்தான் பெருமளவு கூடுகிறது. புஷ்களைக் கழற்றிவிட்டு, ஆர்மை ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டத்தில்) பூட்டி, பக்கம் மாற்றி மாற்றிச் சிறு சிறு துண்டுகளாக வெல்டு வைத்ததால் அது கோணாமல் நின்றது. தகட்டின் முனையை நேராக வெட்டாமல் மீன்வாய் வடிவில் (உள்நோக்கிப் பிளந்த V போல) வெட்ட வேண்டும். நேர்முனையில் பளு ஒரே கோட்டில் குவிவதால், விரிசல் இடம் மாறுமே தவிர ஒழியாது. நீர் வடிய ஒரு துளையும் வேண்டும்.

ரப்பருக்குப் பதிலாக எல்லா இடத்திலும் பாலியூரித்தேன் (விறைப்பான ஒருவகை பிளாஸ்டிக்) புஷ்ஷையே போட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. லோயர் ஆர்ம் காரின் உடலோடு சேரும், ஒரே அச்சில் சுழலும் உள்முனைக்கு, சிலிக்கோன் கிரீஸ் இட்டால், அது நன்கு பொருந்தும். பல திசைகளிலும் அசைய வேண்டிய பின்புற ட்ரெய்லிங் ஆர்மிலோ (பின்சக்கரப் பகுதியை முன்பக்கமிருந்து பிடிக்கும் கையிலோ) அது விறைத்துக்கொண்டு பளுவை, ஆர்ம் பூட்டப்படும் பிராக்கெட்டின் மீது தள்ளிவிடும் என்பதால், அங்கே கடின ரப்பரையே வைத்தேன். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, கார் தன் எடையில் சக்கரங்களின் மீது நிற்கும்போதுதான் முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பர் எந்நேரமும் முறுகியே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.