முதலாண்டு மாணவர்களுக்குத் தீங்கியலும் நுகர்வோர் சட்டமும்: ஒரு சோடா பாட்டில், இரண்டு நூல்கண்டு, ஒரு பில்

நான் பாடம் எடுக்கத் தொடங்கிய ஆண்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட தாள் இது. தீங்கியல் (ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் சட்டம்), மோட்டார் வாகன விபத்து இழப்பீடு, நுகர்வோர் பாதுகாப்பு மூன்றையும் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். பாடத்திட்டம் சொன்ன வரிசையிலேயே நடத்தினேன். முதல் இரண்டு வாரம் வரையறைகள், அடுத்து கொள்கைகள், நுகர்வோர் சட்டம் கடைசியில் அவசர அவசரமாக. மாணவர்கள் தலைநிமிராமல் எழுதிக்கொண்டார்கள். மாதிரித் தேர்வில், “நண்பர் வாங்கிக் கொடுத்த குளிர்பானத்தைக் குடித்து நோயுற்றவர் யார் மீது வழக்குத் தொடரலாம்?” என்று கேட்டேன். “பில் அவர் பெயரில் இல்லை, எனவே வழியில்லை” என்று பலர் எழுதியிருந்தார்கள். அந்த விடைத்தாள்களைத் திருத்தி முடித்த இரவில்தான் பாட வரிசையைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

இப்போது நான் நடத்தும் விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒப்பந்தம் என்றால் என்ன, சிவில் வழக்குக்கும் குற்ற வழக்குக்கும் என்ன வேறுபாடு என்பவை மாணவர்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு சோடா பாட்டில், அதைச் சுற்றுவதற்குச் செய்தித்தாள், ஒரு டம்ளர், வெள்ளையும் சிவப்புமாக இரண்டு நூல்கண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் மூலப் பிரதி, ஆளுக்கொன்று.

கைடு வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையம் எவ்வளவு ரூபாய் வரை விசாரிக்கலாம் என்று பாருங்கள். ஒரு கைடு 20 லட்சம் என்கிறது. அது 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக் கணக்கு. இன்னொன்று 1 கோடி என்கிறது. புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது இருந்த கணக்கு அது. 2021 டிசம்பர் இறுதியில் வந்த விதிகளுக்குப் பிறகு 50 லட்சம்தான். சட்டத்தின் 34-ஆம் பிரிவிலும் 1 கோடி என்றே அச்சிட்டிருக்கும். ஆனால் மத்திய அரசு வேறு தொகையை நிர்ணயிக்கலாம் என்ற வரியும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே விதிகளையும் சேர்த்தே அச்செடுங்கள். இந்தியா கோட் அரசுத் தளத்தில் சட்டம் இலவசமாகக் கிடைக்கிறது.

பவர்பாயிண்ட் நான் பயன்படுத்துவதில்லை. திரையைப் பார்க்கும் முதலாண்டு மாணவர் படம் பிடிக்கிறார். கரும்பலகையைப் பார்ப்பவர் கேள்வி கேட்கிறார்.

முதல் படி: நூல் கட்டுதல்

நான்கு பேரை முன்னால் அழையுங்கள். ஒருவர் சோடா தயாரிப்பவர், ஒருவர் கடைக்காரர், ஒருவர் காசு கொடுத்து வாங்குபவர், ஒருவர் குடிப்பவர். உள்ளே இருப்பது தெரியாதபடி பாட்டிலைச் செய்தித்தாளால் சுற்றிவிடுங்கள். தயாரிப்பவர் விரலிலிருந்து கடைக்காரர் விரலுக்கு வெள்ளை நூல் கட்டுங்கள். கடைக்காரரிடமிருந்து வாங்குபவருக்கு இன்னொரு வெள்ளை நூல். வெள்ளை நூல் என்றால் ஒப்பந்தம். பாட்டில் கைமாறட்டும், டம்ளரில் ஊற்றட்டும், நான்காமவர் குடிப்பதுபோல் காட்டட்டும். பிறகு வகுப்பைப் பார்த்துக் கேளுங்கள்: “பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்தது. வயிறு கெட்டது யாருக்கு? அவர் விரலில் நூல் இருக்கிறதா?”

நான்காவது மாணவி தன் வெறுங்கையைத் திருப்பிப் பார்ப்பாள். வகுப்பு அமைதியாகும். அந்த அமைதியை நீங்கள் பேசி நிரப்பிவிடாதீர்கள். கடைக்காரரைக் கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அவருக்கும் இவளுக்கும் நடுவில் நூல் இல்லை. மூடிய பாட்டிலுக்குள் அவராலும் பார்த்திருக்க முடியாது.

வழக்கின் கதையை அதன்பிறகு சொல்லுங்கள். 1928 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி. மே டனகியூ என்ற பெண்ணுக்கு உடன் வந்தவர் ஒரு கஃபேயில் இஞ்சி பீர் வாங்கித் தந்தார். உள்ளே இருப்பது தெரியாத கருநிறப் பாட்டில். கொஞ்சம் குடித்தபின் மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை வந்து விழுந்தது என்பது அவருடைய வழக்கு. 1932-இல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, ஐந்து நீதிபதிகளில் மூவரின் பெரும்பான்மையால், பொருளை இறுதியில் பயன்படுத்துபவரிடம் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று முடிவு செய்தது. சட்டத்தின் கண்ணில் என் அண்டையார் யார் என்று அந்த நீதிபதிகளில் ஒருவரான அட்கின் பிரபு கேட்டதும் இதில்தான். என் செயலால் பாதிக்கப்படுவார் என்று நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவர் எவரோ, அவரே என் அண்டையார்.

இப்போது சிவப்பு நூலை எடுத்துத் தயாரிப்பவர் விரலிலிருந்து நான்காமவர் விரலுக்கு நேராகக் கட்டுங்கள். இது கடமை நூல். அது கட்டப்படுவதை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. “நத்தை இருந்தது நிரூபிக்கப்பட்டது” என்று மாணவர்கள் எழுதுவார்கள். நிரூபிக்கப்படவில்லை. சொல்லப்பட்டவை உண்மையென்றால் வழக்கு நிற்குமா என்ற சட்டக் கேள்விக்குத்தான் சபை விடை சொன்னது. சாட்சி விசாரணைக்குப் போகும் முன்பே வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அதே மணி நேரத்தில் நுகர்வோர் சட்டத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பிரிவு 2(7). பணம் கொடுத்து வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. பிரபுக்கள் சபை வரை ஏறிப் பெற்ற உரிமைக்கு உறவான ஒன்று இங்கே வரையறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மாணவர், இந்த இரண்டு பாடங்களையும் பிறகு பிரித்துப் படிக்க மாட்டார்.

இரண்டாம் படி: இஞ்சூரியா என்ற சொல்

“இஞ்சூரியா சைனே டாம்னோ”, “டாம்னம் சைனே இஞ்சூரியா”. தீங்கியலில் வரும் இரண்டு லத்தீன் தொடர்கள். முதல் ஆண்டில் கரும்பலகையில் இஞ்சூரியாவுக்குக் ‘காயம்’ என்று எழுதினேன். அந்த ஒரு சொல் ஒரு பருவம் முழுவதையும் குழப்பியது. ‘காயமில்லாத சேதம்’, ‘சேதமில்லாத காயம்’ என்று படித்த மாணவர்கள் எல்லா எடுத்துக்காட்டுகளிலும் ரத்தத்தைத் தேடினார்கள். இஞ்சூரியா என்றால் உரிமை மீறல். டாம்னம் என்றால் இழப்பு. இந்த இரண்டு தமிழ்ச் சொற்களைத் தவிர வேறு எதையும் பலகையில் எழுதாதீர்கள்.

உரிமை மீறல் உண்டு, கணக்கிடக்கூடிய இழப்பு இல்லை: இங்கிலாந்தில் வாக்களிக்க விடாமல் தடுக்கப்பட்ட ஆஷ்பி (1703 தீர்ப்பு). அவர் ஆதரித்த வேட்பாளர் எப்படியும் வென்றுவிட்டார். ஆனாலும் உரிமை உரிமைதான். நம் நாட்டில் ஜம்மு காஷ்மீர் சட்டமன்ற உறுப்பினர் பீம் சிங், கூட்டத் தொடருக்குப் போகவிடாமல் சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்டதற்கு உச்ச நீதிமன்றம் 1985-இல் 50,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இழப்பு உண்டு, உரிமை மீறல் இல்லை: 1410-இன் வழக்கில், இங்கிலாந்தின் குளோஸ்டரில் போட்டியாகப் புதுப் பள்ளி வந்ததால் கட்டணத்தைக் குறைக்க நேர்ந்த பழைய பள்ளி. உங்கள் கல்லூரி வாசலில் இரண்டாவது டீக்கடை வந்த கதையைச் சொன்னாலே போதும்.

மூன்றாம் படி: ஏரி

கண்டிப்பான பொறுப்பை ரைலண்ட்ஸ் வழக்கில் (1868) தொடங்குவது வழக்கம். ரைலண்ட்ஸ் ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். நீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் புகுந்தது. கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு. நம் மாணவர்களுக்கு அதன் மறுபக்கத்தையும் உடனே காட்டுங்கள். சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகர ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில்பாதையைச் சேதப்படுத்தின. ரயில்வே நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 1874-இல், அப்போது இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், ஜமீன்தார் பொறுப்பல்ல என்றது. இந்த ஏரிகள் ஒருவர் தன் லாபத்துக்காகத் தேக்கியவை அல்ல, மக்களின் பாசனத்துக்காகப் பராமரித்தே ஆகவேண்டியவை, கவனக்குறைவும் காட்டப்படவில்லை. ஏரிக்கரையில் வளர்ந்த மாணவருக்கு இது ஒரே நிமிடத்தில் விளங்கும். அங்கிருந்து போபாலுக்கும், 1985 டிசம்பர் டெல்லி ஓலியம் வாயுக் கசிவுக்கும், விதிவிலக்கே இல்லாத முழுப்பொறுப்பை நீதிபதி பகவதி அமர்வு வகுத்த எம்.சி. மேத்தா தீர்ப்புக்கும் வந்துவிடலாம்.

நான்காம் படி: கிரைண்டர்

நான் அதிக நேரம் ஒதுக்குவது இங்கே. என் இரண்டாம் ஆண்டில், “வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் அல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். “மேடம், என் அம்மா நுகர்வோர் இல்லையா?”

அவள் அம்மா வீட்டில் மாவரைத்து மூன்று தெருவுக்கு விற்கிறார். அதற்காகவே 14,000 ரூபாய்க்கு ஒரு டில்டிங் கிரைண்டர் வாங்கினார். நான்காம் மாதம் மோட்டார் எரிந்துவிட்டது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தியதால் எங்கேயும் புகார் கொடுக்க முடியாது என்று கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் வகுப்பில் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவேதான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு “நாளை சொல்கிறேன்” என்றேன்.

பிரிவு 2(7)-இன் கீழே உள்ள ‘விளக்கம்’ பகுதியை நான் வேகமாகத் தாண்டியிருந்தேன். சுயதொழில் செய்து தன் பிழைப்பை ஈட்டுவதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ என்பதற்குள் வராது. லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் இதை நன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். ஆட்டோ வாங்கி, ஓட்டுவதை முழுக்க வேறொருவரிடம் விட்டுவிடுபவர் அல்லர். தானே வேலை செய்பவர் உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர் என்ற தகுதி போய்விடாது.

மறுநாள் அந்த மாணவியையே பலகைக்கு அழைத்தேன். கிரைண்டரை இயக்குவது யார்? அம்மா. வருமானம் எதற்கு? வீட்டுச் செலவுக்கும் இவள் கட்டணத்துக்கும். பிறகு நிலைமையை மாற்றிக்கொண்டே போனோம். மாவு கட்டித் தர ஒரு பெண்ணை வைத்தால்? ஆறு கிரைண்டர் வாங்கி எட்டு ஆளைப் போட்டு அம்மா கணக்கு மட்டும் பார்த்தால்? எந்த இடத்தில் கோடு தாண்டுகிறது என்று வகுப்பு ஒரு மணி நேரம் வாதாடியது. அவ்வளவு நல்ல வகுப்பு எனக்கு அதுவரை அமைந்ததில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். நுகர்வோர் என்று நிறுவுவது ஆணையத்தின் வாசலைத் தாண்டத்தான். வாரண்டி அட்டையில் ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருந்தால் அது உள்ளே போனபின் சந்திக்க வேண்டிய வேறு கேள்வி. இவர்கள் அட்டையில் அந்த வரி இல்லை. வகுப்பு எழுதிய நோட்டீஸ் பதிவுத் தபாலில் போன பிறகு கடை மோட்டாரை மாற்றித் தந்தது.

ஐந்தாம் படி: பில்லும் புகாரும்

வீட்டிலிருந்து ஆளுக்கொரு பில் கொண்டுவரச் சொல்லுங்கள். பல பில்களின் அடியில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று இருக்கும். பிரிவு 2(47)-ஐ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவதற்கு இது உதவாது.

பிறகு அந்தப் பில்லை வைத்தே ஒரு பக்கப் புகார் மனு. எங்கே தாக்கல் செய்வது? இப்போது புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே முடியும். எதற்குள்? வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டு. எந்த ஆணையம்? மாணவர்கள் தவறுவது இங்கேதான். கேட்கும் இழப்பீட்டையும் கூட்டிவிடுகிறார்கள். பழைய சட்டத்தில் அப்படி. புதிய சட்டத்தில் பொருளுக்குக் கொடுத்த விலை மட்டுமே கணக்கு. 14,000 ரூபாய் கிரைண்டருக்கு எவ்வளவு இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். அது சமரசத்துக்கு நல்ல வழி, நீதிமன்றம் அல்ல. அங்கே பதிவு செய்ததால் 2 ஆண்டுக் கணக்கு நின்றுவிடாது.

பின்சேர்ப்பு 1: தயாரிப்பாளருக்குக் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் எப்போதும் பொறுப்பு என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். ஒரு வாசகர் நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 84(2)-ஐ முழுதாகப் படிக்கச் சொன்னார். அவர் சொன்னது சரி. அந்த உட்பிரிவு வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை போன்றவை 84(1)-இல் தனித்தனியாக இருக்கின்றன. அந்த வரியை நீக்கிவிட்டேன்.

பின்சேர்ப்பு 2: மருத்துவர் சேவை சட்டத்துக்குள் வரும்போது வழக்கறிஞர் சேவை ஏன் வராது என்று மாணவர்கள் கேட்பதாக இருவர் எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் சேவை வரும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1995-இன் சாந்தா தீர்ப்பையும், வழக்கறிஞர் சேவை வராது என்று 2024 மே மாதம் அதே நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் அடுத்தடுத்துப் படிக்கக் கொடுங்கள். வழக்கறிஞர் கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் செயல்படுகிறார், எனவே அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்பது இரண்டாவதன் அடிப்படை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மாணவர்களிடம் அதைச் சொல்லாமல், முதலில் அவர்களை வாதாடவிடுங்கள்.

பின்சேர்ப்பு 3: “பில்லே தராத கடைகள்தான் எங்கள் ஊரில் அதிகம், மாணவர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள்” என்று ஓர் ஆசிரியை எழுதினார். பணம் கொடுத்ததற்கு யுபிஐ செய்தி சான்றாகும். அதைவிட முக்கியம், பில் தராமல் இருப்பதையே பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே இந்த ஆண்டு முதல் பில் இல்லாமல் வரும் மாணவர்களுக்குத் தனி வேலை வைத்திருக்கிறேன். எந்தக் கடை, என்ன பொருள், என்ன விலை, பில் கேட்டபோது என்ன சொன்னார்கள் என்பதை வைத்து அரைப் பக்கப் புகார் எழுத வேண்டும்.